நாற்காலிகளைத் தந்த மண்டபம்

எங்கள் தெருக்கோடியில் நண்பர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் கணக்குத் தணிக்கை இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் பொதுவாக யார் எதைக் கட்டினாலும், "இதற்கு எவ்வளவு ஆயிற்று? யார் அப்பன் வீட்டுப் பணம்?" என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. பாலம் கட்டினாலும் கேட்பார்; பூங்கா வைத்தாலும் கேட்பார். பூங்காவில் ஊஞ்சல் போட்டுவிட்டால் இரண்டு தடவை கேட்பார்.

சில நாட்களுக்கு முன்பு அவர் வந்திருந்த சமயம், என் மேஜைமேல் ஒரு புத்தகம் திறந்து கிடந்தது. அதில் ஒரு புகைப்படம். பின்னால் உலோகக் கூரை வேய்ந்த மிகப் பெரிய கட்டடம். அதன் முன்னால், வெளி முழுவதும் வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

"இது என்ன ஸார்? மயானத்துக்கா இத்தனை பெரிய கட்டடம்?" என்றார் நண்பர்.

"இல்லை. உள்ளே பனிக்கட்டியால் தரை போட்டு, அதன்மேல் சறுக்கி விளையாடுவார்கள்."

"விளையாட்டு மண்டபத்துக்கு எதிரிலா மயானம்? யார் பணத்தில் கட்டியது?"

"ஊர்ப் பணத்தில்தான்."

"சரியாய்ப் போயிற்று! ஊர்ப் பணத்தில் ஐஸ் போட்டு விளையாட்டா? அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு அவசியமான வேலையே இல்லையா?"

இந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்விதான். குடிதண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணம் விளையாட்டுக்குப் போகலாமா என்று எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நல்லவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரித்திரம் ஒரு விசித்திரமான பதிலை எழுதி வைத்திருக்கிறது. அன்று அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

படத்தில் இருந்த ஊரின் பெயர் சரயேவோ. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த எல்லோருக்கும் இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். 1914ஆம் வருஷம் ஜூன் 28ந் தேதி ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊர்த் தெருவில்தான். முதல் உலக யுத்தத்துக்கு அது காரணமாயிற்று என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம். அதற்குப் பிறகு அந்த ஊரை நாம் மறந்துவிட்டோம். ஊர் என்னவோ அங்கேயேதான் இருந்தது.

மில்யாட்ஸ்கா என்ற சிறிய ஆறு நடுவே ஓட, சுற்றிலும் மலைகள் எழுந்து நிற்க, ஒரு கிண்ணத்துக்குள் அடங்கியதுபோல் அமைந்த ஊர் சரயேவோ. நானூறு வருஷத்துக்கு மேல் துருக்கியர் ஆட்சியில் இருந்து, பிறகு ஆஸ்திரியாவின் கைக்குப் போய், அதற்கும் பிறகு யூகோஸ்லாவியா என்ற தேசத்தில் ஓர் அங்கமாயிற்று. பழைய கடைவீதியில் சற்று நடந்தால் மசூதி வரும். இன்னும் சற்று நடந்தால் இரண்டு விதமான கிறிஸ்தவக் கோயில்கள் வரும். யூதர்களுடைய கோயிலும் வரும். வேறு வேறு சாமிகளைக் கும்பிட்டவர்கள் ஒரே காப்பிக் கடையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசினார்கள். இதை அந்த ஊர்க்காரர்கள் பெரிய தத்துவமாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரன்தானே?

இப்படிப்பட்ட ஊரில் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காக 1969ஆம் வருஷத்தில் ஆற்றங்கரையில் ஒரு கட்டடத் தொகுதியை எழுப்பினார்கள். பழைய துருக்கிய ஆட்சித் தலைவர் ஸ்கெந்தர் பாஷாவின் பெயரால் வழங்கிவந்த இடம் அது. ஆகவே கட்டடத்துக்கும் ஸ்கெந்தெரியா என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த வருஷம் நவம்பர் 29ந் தேதி திறப்பு விழா நடந்தது. நெரெத்வா ஆற்றங்கரைப் போரைப் பற்றிய ஒரு பெரிய சினிமாப் படத்தை அன்று அங்கே முதல் தடவையாகக் காட்டினார்கள். யூகோஸ்லாவியாவின் தலைவர் மார்ஷல் டிட்டோவே வந்து உட்கார்ந்து பார்த்தார்.

ஸ்கெந்தெரியா வெறும் விளையாட்டு மண்டபமும் அல்ல. வெறும் சபா மண்டபமும் அல்ல. பந்தாட்டத்துக்கு ஒரு கூடம், பனித்தரை போட்ட ஒரு கூடம், இளைஞர்களுக்கென்று ஒரு கூடம், பொருட்காட்சிக்கு இடம், கடை கண்ணிகள் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. காலையில் பையன் கூடைப்பந்து பழகுவான். மாலையில் அவனுடைய தாயார் அதே வாசலில் கடைக்கு வருவாள். இரவில் அவன் அக்கா பாட்டுக் கச்சேரிக்கு வருவாள்.

அந்த மண்டபத்தில் ஆடிய கூடைப்பந்துக் கோஷ்டிக்கு 'போஸ்னா' என்று பெயர். 1979ஆம் வருஷம் ஏப்ரல் 5ந் தேதி, பிரான்ஸ் தேசத்தில் உள்ள கிரெனோபிள் நகரத்தில், இந்தக் கோஷ்டி இத்தாலியக் கோஷ்டி ஒன்றை 96க்கு 93 என்ற கணக்கில் ஜெயித்து, ஐரோப்பாவின் சாம்பியன் பட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கோஷ்டியில் மிர்ஸா டெலிபாஷிச் என்ற ஒரு வாலிபர் இருந்தார். பந்தை அவர் எறிந்தால் வளையம் தானாக நகர்ந்து வந்து வாங்கிக்கொள்ளும் என்று நினைக்கும்படி ஆடுவார். இந்தப் பெயரையும் அந்த ஏப்ரல் 5ந் தேதியையும் வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இந்தக் கதையில் மறுபடியும் வரப்போகின்றன.

இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1978 மே மாதத்தில், ஏதென்ஸ் நகரத்தில் ஒரு தேர்தல் நடந்தது. 1984ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை எந்த ஊரில் நடத்துவது என்று ஒலிம்பிக் சபையினர் ஓட்டுப் போட்டார்கள். ஜப்பானின் சப்போரோ நகரத்தை 39க்கு 36 என்ற கணக்கில் தோற்கடித்து, சரயேவோ வென்றது. மூன்றே மூன்று ஓட்டு வித்தியாசம்! ஊருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கலவரம் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. கையில் பந்தல்கால்கூட இல்லை என்ற நிலைமை.

ஊர் மக்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். மலைகளில் பாதை போட்டார்கள். த்ரெபெவிச் மலைச்சரிவில் சறுக்கு வண்டிகள் பாய்ந்து இறங்குவதற்காக நீண்ட கான்கிரீட் கால்வாய் ஒன்றைக் கட்டினார்கள். ஊருக்குள், கோஷெவோ என்ற பகுதியில், செம்புக் கூரை வேய்ந்த ஒரு புதிய பனி மண்டபத்தை எழுப்பினார்கள். அதன் பெயர் ஜெட்ரா. என் மேஜைமேல் கிடந்த படத்தில் இருந்தது இதுதான்.

இந்த இடத்தில், பனித்தரை என்பதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பனிக்கட்டி என்றால் நமக்கு சர்பத்து ஞாபகம் வரும். ஜுரக்காரன் தலையில் வைக்கும் ரப்பர் பை ஞாபகம் வரும். அதைத் தரையாகப் போட்டு நடப்பதென்பது நமக்குச் சற்று வேடிக்கையான காரியம். கான்கிரீட் தளத்துக்குள் நெருக்கமாகக் குழாய்களைப் பதித்துவிடுகிறார்கள். இயந்திரத்தால் குளிரூட்டிய உப்புத் தண்ணீரோ அதைப் போன்ற வேறு திரவமோ அந்தக் குழாய்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணத் தண்ணீர் உறையும் குளிரிலும் அது உறைவதில்லை. தளம் நன்றாகக் குளிர்ந்தபின், மேலே மெல்லிய படலமாகத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். அது உறைந்ததும் இன்னொரு படலம், அதன்மேல் இன்னொன்று. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் தரை சரியாக அமையாது. இப்படிப் பல தடவை தெளித்து ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனம் வந்ததும், கண்ணாடிபோல் ஒரு தரை கிடைக்கிறது. நீளம் 60 மீட்டர், அகலம் 30 மீட்டர்.

இதைக் கண்டுபிடித்தவர் விளையாட்டுக்காரர் அல்ல என்பது இன்னும் வேடிக்கை. ஜான் காம்ஜி என்ற ஆங்கிலேய மாட்டு வைத்தியர், ஆஸ்திரேலியாவிலிருந்து மாமிசத்தைக் கெடாமல் கப்பலில் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த முயற்சியில் தண்ணீரை உறைய வைக்கும் முறை ஒன்று கைக்கு வந்தது. 1876ஆம் வருஷத்தில் லண்டனில் செப்புக் குழாய்களைப் பதித்து, இயந்திரத்தின் உதவியால் உறையும் முதல் சறுக்குத் தரையைத் திறந்துவிட்டார். இறைச்சிக்காகப் புறப்பட்டவர் ஆட்டத்தில் போய் முடிந்தார்!

இந்தத் தரையைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இயந்திரம் நின்றால் தரை போய்விடும். கல்லால் கட்டிய கோயில், ஊர் அழிந்தாலும் நிற்கும். பனித்தரை அப்படியல்ல. மின்சாரம் வரவேண்டும், தண்ணீர் வரவேண்டும், இரவு முழுவதும் யாராவது கண் விழித்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சரியான அடையாளம் வேறு இல்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

1984 பிப்ரவரி 8ந் தேதி பந்தயங்கள் தொடங்கின. தொடக்க நாள் வரையில், பனி போதவில்லையே என்று ஊர் முழுவதும் கவலை. மறுநாள் முதல், பனி அதிகமாகிவிட்டதே என்று கவலை! அப்படிக் கொட்டியது. மலைப் பந்தயங்களைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. சிப்பாய்களும் ஊர் ஜனங்களும் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகப் பாதைகளைச் சுத்தம் செய்தார்கள்.

பிப்ரவரி 14ந் தேதி அந்த ஊருக்கு ஒரு திருநாள். அன்று பகலில் பெலாஷ்னிட்ஸா மலையில் யூரே ஃபிராங்கோ என்ற வாலிபர் பனிச்சறுக்கில் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். அன்று இரவே ஜெட்ரா மண்டபத்தில், பிரிட்டனிலிருந்து வந்திருந்த இருவர் பனித்தரைமேல் ஏறினார்கள். ஜேன் டார்வில் என்ற பெண்மணி, முன்பு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். கிறிஸ்டோபர் டீன், முன்பு போலீஸ்காரர். கத்தி பொருத்திய பூட்ஸுகளுடன் இருவரும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். பிரெஞ்சு இசை மேதை ராவெல் எழுதிய 'பொலேரோ' என்ற வாத்திய இசை மெதுவாகத் தொடங்கியது.

ஏன் மண்டியிட்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. விதிப்படி நான்கு நிமிஷம் பத்து விநாடிக்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும். அந்த இசையை எப்படிச் சுருக்கினாலும் நான்கு நிமிஷம் இருபத்தெட்டு விநாடிக்குக் குறைக்க முடியவில்லை. ஆனால் பூட்ஸின் கத்தி பனியில் பட்ட கணத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும் என்று விதி சொன்னது. ஆகவே கத்தி படாமல் முழங்காலில் நின்றபடியே முதல் பதினெட்டு விநாடிகளுக்குக் கைகளாலும் உடலாலும் ஆடித் தீர்த்துவிட்டார்கள்! ஆட்டம் முடிந்ததும், கலை நயத்துக்காக ஒன்பது நடுவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் ஆறுக்கு ஆறு மார்க் கொடுத்தார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

கணக்கு நண்பருக்காக இங்கே ஒரு தகவலைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தக் குமாஸ்தாவும் போலீஸ்காரரும் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் பழகுவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் ஊராகிய நாட்டிங்ஹாமின் நகரசபை 42,000 பவுன் கொடுத்தது. ஊர்ப் பணம்தான்! அன்றும் அந்த ஊரில், இது வீண் செலவு என்று சொன்னவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இன்று நாட்டிங்ஹாமில் நகரசபைக்குச் சொந்தமான பெரிய பனி மண்டபம் இருக்கிறது. இரண்டு பனித்தரைகள் உள்ள அந்த மண்டபம் 2000ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. அதன் வாசலில் இருக்கும் சதுக்கத்துக்கு 'பொலேரோ சதுக்கம்' என்று பெயர்.

பிப்ரவரி 19ந் தேதி, ஜெட்ரா மண்டபத்திலேயே நிறைவு விழா நடந்தது. விருந்தாளிகள் புறப்பட்டுப் போனார்கள். கொடிகளை இறக்கினார்கள். விழா முடிந்த கட்டடங்களின் கதி நமக்குத் தெரியும். கல்யாணச் சத்திரத்தில் மறுநாள் காலையில் நுழைந்து பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் ஜெட்ரா பாழாகவில்லை. ஊர்க் குழந்தைகள் வந்தார்கள். உலகப் புகழ் பெற்றவர்கள் ஆடிய அதே தரையில் தட்டுத் தடுமாறி நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்தார்கள். எட்டு வருஷங்கள் இப்படிச் சென்றன.

பிறகு 1992 வந்தது.

யூகோஸ்லாவியா என்ற தேசம் துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. போஸ்னியா தனி நாடாகப் பிரிந்தது. அதை ஏற்காத போஸ்னிய செர்பியப் படையினர் சரயேவோவைச் சுற்றியிருந்த மலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். முற்றுகை தொடங்கிய நாள் ஏப்ரல் 5. பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு இதே தேதியில் கூடைப்பந்துப் பட்டத்துக்காக ஊர் முழுவதும் தெருவில் இறங்கிக் கூத்தாடியது. கிண்ணத்தின் விளிம்பில் பீரங்கிகள், கிண்ணத்துக்குள் ஊர். முஸ்லிம்களும் குரோவாஷியர்களும் மட்டும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளவில்லை. ஊரை விட்டுப் போகாத செர்பியர்களும் அதே குண்டுகளுக்குத் தப்பித்தான் ரொட்டி வாங்கப் போனார்கள். முற்றுகை 1996 பிப்ரவரி 29 வரையில், ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து நாட்கள் நீடித்தது.

சறுக்கு வண்டிகளுக்காகக் கட்டிய த்ரெபெவிச் மலைக் கால்வாய் பீரங்கிப் படையினருக்கு வசதியான மறைவிடமாயிற்று. ஜெட்ரா மண்டபத்தின்மேல் 1992 மே மாதத்தில் குண்டுகள் விழுந்தன. தீப்பிடித்தது. செம்புக் கூரை இடிந்தது. மின்சாரம் நின்றது, தண்ணீர் நின்றது. பனித்தரை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

ஆனால் மண்டபத்தின் வேலை முடிந்துவிடவில்லை. மேலே கூரை போனாலும் கீழே நிலவறை இருந்தது. கனமான கான்கிரீட் சுவர்களுக்குள் மருந்துகளையும் சாமான்களையும் அங்கே சேமித்து வைத்தார்கள். ஐக்கிய நாட்டுச் சபையின் அமைதிப் படையினரும் அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்த நிலவறை பிணக்கிடங்கும் ஆயிற்று. செத்தவர்களைப் புதைக்க ஊருக்குள் இடம் போதவில்லை. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சி மைதானத்தைத் தோண்டினார்கள். அங்கேயும் போதாமல் போயிற்று.

புதைப்பதற்குப் பெட்டி வேண்டுமே? பலகைக்கு எங்கே போவது? ஊர் மரங்களை எல்லாம் குளிர் காய்வதற்காக வெட்டி எரித்தாயிற்று. அப்போது யாரோ ஜெட்ராவின் நாற்காலிகளை நினைத்தார்கள். மண்டபத்தில் ஆயிரக்கணக்கான ஆசனங்கள் இருந்தன. மரப் பலகை போட்ட ஆசனங்கள். அவற்றைப் பெயர்த்தெடுத்துச் சவப்பெட்டிகள் செய்தார்கள்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்பு 'பொலேரோ' ஆட்டத்தை அந்தப் பலகைமேல் உட்கார்ந்து பார்த்த ஊர்க்காரர் ஒருவர், பிறகு அதே பலகைக்குள் படுத்தும் இருக்கலாம். அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை; நடந்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொடுத்த பணத்தால் வாங்கிய பலகை. கடைசியில் கொடுத்தவனிடமே திரும்பி வந்தது.

ஸ்கெந்தெரியாவின் நாயகர் மிர்ஸா டெலிபாஷிச் என்ன ஆனார்? ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆடப் போனவர். உடல்நலம் கெட்டு ஆட்டத்தை விட்டவர். யுத்தம் வந்தபோது அவர் சரயேவோவில்தான் இருந்தார். 1993ஆம் வருஷத்தில் முற்றுகைக்கு உட்பட்ட அந்த ஊரிலிருந்து போஸ்னியாவின் கூடைப்பந்துக் கோஷ்டி ஐரோப்பியப் பந்தயத்துக்குப் புறப்பட்டது. விமான நிலையத்தின் ஓடுபாதையை இருட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்துதான் ஆட்டக்காரர்கள் வெளியே வந்தார்கள். அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் டெலிபாஷிச். எட்டாவது இடம் கிடைத்தது. அவர் 2001ஆம் வருஷத்தில் தமது 47ஆம் வயதில் காலமானார். ஸ்கெந்தெரியாவின் பெரிய கூடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

உலகம் அந்த ஊரை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1994 பிப்ரவரியில் நார்வேயில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் சரயேவோவின் மார்க்கெட்டில் ஒரே குண்டில் 68 பேர் மாண்டார்கள். தொடக்க விழாவில் ஒலிம்பிக் சபைத் தலைவர் சமராஞ்ச் சரயேவோவுக்காக எல்லோரையும் எழுந்து நின்று மௌனம் அனுஷ்டிக்கச் சொன்னார். சில நாட்களில் தாமே சரயேவோவுக்குப் போய் இடிந்த மண்டபத்தையும் பார்த்தார். பத்து வருஷத்துக்கு முன்பு, தமது பதினெட்டாவது வயதில், ஜெட்ராவின் பனித்தரையில் தங்கப் பதக்கம் வாங்கிய ஜெர்மன் பெண்மணி காத்தரினா விட், நார்வேயில் மறுபடியும் ஆடினார். போரை எதிர்த்து எழுந்த ஒரு பழைய பாட்டின் இசைக்கு ஆடி, அந்த ஆட்டத்தைச் சரயேவோவுக்குக் காணிக்கையாக்கினார். அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். அதைப் பற்றி அவருக்கும் குறை இருந்திருக்காது, பார்த்தவர்களுக்கும் இல்லை.

யுத்தம் ஓய்ந்தது. இடிந்து கிடந்த ஜெட்ராவை என்ன செய்வது? இப்போதுதான் நம் நண்பரின் கேள்வி முழு பலத்துடன் எழுந்து நிற்கிறது. வீடில்லாதவர்கள் ஆயிரம் ஆயிரம். கால் போனவர்கள், கண் போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். எதிரே பார்த்தால் கல்லறை. இந்த நிலையில் பனித்தரையா? இடிந்த கட்டடத்தை அப்படியே விட்டு, ஒரு நினைவுச் சின்னமாக வைத்துவிட்டால் போதாதா?

1997 செப்டம்பரில் சர்வதேசப் படையினர் இடிபாடுகளை அகற்றத் தொடங்கினார்கள். கூரையையும் உடைந்த பகுதிகளையும் எடுத்துவிட்டு அடித்தளத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அது உறுதியாக இருந்தது. ஒலிம்பிக் சபை ஒரு கோடியே பதினைந்து லட்சம் டாலர் கொடுத்தது. உள்ளூர்க் கம்பெனிகள் வேலையை ஏற்றுக்கொண்டன. பழைய அடித்தளத்தின்மேல் பழைய வடிவத்திலேயே மண்டபம் மறுபடியும் எழுந்தது. 1999ஆம் வருஷத்தில் வேலை முடிந்தது. அந்த வருஷம் ஜூலை மாதம், தென்கிழக்கு ஐரோப்பாவில் இனி அமைதி நிலவச் செய்ய என்ன வழி என்று பேசுவதற்காக, அமெரிக்க ஜனாதிபதி உட்பட பல நாட்டுத் தலைவர்கள் அதே மண்டபத்தில் கூடினார்கள். அவர்கள் பேசிவிட்டுப் போனார்கள். குழந்தைகள் திரும்பி வந்தார்கள்.

2010ஆம் வருஷத்தில் சமராஞ்ச் காலமானார். மண்டபத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஊர் ஜனங்கள் என்னவோ இன்னமும் ஜெட்ரா என்றுதான் சொல்லுகிறார்கள். 2014 பிப்ரவரியில், முப்பது வருஷம் கழித்து, டார்வில் அம்மையாரும் டீனும் சரயேவோவுக்கு மறுபடியும் வந்தார்கள். இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதே மண்டபத்தில், அதே இசைக்கு, அதே போல் மண்டியிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தத் தடவை நடுவர்கள் இல்லை; மார்க்கும் இல்லை. சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களின் ஆசனங்கள் புதியவை. பழைய ஆசனங்கள் எங்கே போயின என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2012 ஏப்ரல் 6ந் தேதி, முற்றுகை தொடங்கி இருபது வருஷம் ஆனதை முன்னிட்டு, ஊரின் பெரிய வீதியில் சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். மாண்டவர் ஒருவருக்கு ஒன்று என்று 11,541 நாற்காலிகள். குழந்தைகளுக்காகச் சிறிய நாற்காலிகள். எல்லாம் காலி. சிலர் அந்தச் சின்ன நாற்காலிகள்மேல் பொம்மைகளையும் பூக்களையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

த்ரெபெவிச் மலைக்கு இன்று கம்பி வண்டியில் ஏறிப் போகலாம். 2018ஆம் வருஷத்தில் அதை மறுபடியும் ஓடவிட்டார்கள். மேலே பழைய சறுக்கு வண்டிக் கால்வாய் கிடக்கிறது. சுவரெல்லாம் வர்ணக் கிறுக்கல்கள். வெளிநாட்டார் அதன்மேல் நின்று படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். யுத்தத்தின் ஞாபகத்துக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே ஊருக்குள் இருப்பது ஞாபகச் சின்னம் அல்ல. புழக்கத்தில் இருக்கும் மண்டபம். பொது நிறுவனம் ஒன்று அதை நடத்துகிறது. மற்றப் பொது நிறுவனங்களைப் போல் அதற்கும் பணக் கஷ்டங்கள் உண்டு. மின்சாரக் கட்டணம் என்ற பெரிய பூதம் எல்லாப் பனித்தரைகளுக்கும் உண்டு. இருந்தாலும் குளிர்காலம் வந்தால் தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்துத் தரை போடுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் விளக்கு எரிகிறது. வாசலுக்கு வெளியே கல்லறைகள். அவற்றைக் கடந்துதான் குழந்தைகள் பூட்ஸுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, நேற்று மாலை நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, வெளியே தெருவைப் பார்த்தார். அது எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. படித்து முடித்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"விளையாட்டுக்காக வாங்கிய நாற்காலி இதற்கெல்லாம் உதவும் என்று அவர்கள் நினைத்து வாங்கியிருக்க மாட்டார்கள், ஸார்" என்றார்.

"மாட்டார்கள்."

"எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது இதை?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தமக்கும் தெரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் அப்படி ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று, எங்கள் பேட்டைப் பூங்காவில் அறுந்து தொங்கும் ஊஞ்சலைப் பற்றி நகரசபைக்கு ஒரு மனு எழுத வேண்டும், நாளைக் காலையில் வருகிறேன், காகிதம் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.